முத்துச் சலாபம் – 17: ஒரு நாற்காலிக்கு இரண்டு வேலை

சென்ற வாரம் 1830ஆம் ஆண்டுச் சலாபத்தோடு, அதாவது முத்துக்குளிப்போடு, நிறுத்தியிருந்தோம். கிழக்கிந்தியக் கும்பினிக்கு அந்த ஆண்டு நல்ல வரும்படி. அதற்குப் பிறகு முப்பது ஆண்டு தூத்துக்குடிக் கரையில் சலாபக் கொட்டகை எழும்பவே இல்லை. இடையில் பலமுறை கடலடியில் சிப்பி விளையும் பார்களைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் சிப்பி போதாது என்றே மேலிடத்துக்கு அறிக்கை போனது.

1856ல் தூத்துக்குடித் துறையின் மாஸ்டர் அட்டெண்டன்ட் கேப்டன் ராபர்ட்சன் பார்களைச் சோதித்தபோது சங்கதி மாறியது. சில பார்களில் இளஞ்சிப்பி அப்பிக் கிடந்தது. பருவம் எட்டும்வரை ஆண்டுதோறும் போய்ப் பார்த்து வந்தால் சலாபம் நிச்சயம் என்ற நம்பிக்கை பிறந்தது. அந்த நேரம் பார்த்து ராபர்ட்சன் இறந்துபோனார். சோதனையைத் தொடர ஆள் இல்லை. 1860ல்தான் அடுத்த சலாபம் நடந்தது.

முத்துக்குளிப்பு பற்றிய பழைய நூல்களில் இது ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு வரிக்குள் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. இவ்வளவு பெரிய வருமானம் வரும் வேலைக்கு ஒரே ஒரு ஆள்தானா? அவருக்குப் பின் யார் என்று எவரும் யோசிக்கவில்லையா? இன்று உலகின் ராணுவங்கள் கணிப்பொறியை வைத்துக்கொண்டு விடை தேடும் கேள்வியும் இதுவே: எந்த அதிகாரியை எந்தத் துறையில் பழக்குவது, எத்தனை ஆண்டு வைத்திருப்பது, அவர் போனால் அடுத்தவர் தயாரா?

துறைமுகம் முதல் வேலை, முத்து இரண்டாம் வேலை

மாஸ்டர் அட்டெண்டன்ட் என்பவர் துறைமுக அதிகாரி. தூத்துக்குடியில் அன்று பெரிய கப்பல் கரையை அண்ட முடியாது. ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். பஞ்சுப் பொதிகளைத் தோணிகளில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கப்பல் வரவு, தோணிப் போக்குவரத்து, நங்கூரத் தகராறு எல்லாம் அவர் தலையில். இதற்காகத்தான் கடலோடிப் பழகிய கேப்டன்களை அந்தப் பதவிக்கு எடுத்தார்கள். முத்துப் பார்களைப் பார்த்துக்கொள்வது அதோடு ஒட்டிவந்த உபரி வேலை. கடலில்தானே இருக்கிறது, கேப்டனே பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் கணக்கு. மன்னார் வளைகுடாவின் மறுகரையிலும் இதே ஏற்பாடு: கொழும்பின் மாஸ்டர் அட்டெண்டன்டாக இருந்த கேப்டன் டோனன்தான் இலங்கைப் பார்களின் ஆய்வாளரும்.

கேப்டன்கள் சோம்பேறிகள் அல்லர். சிப்பி ஏன் அற்றுப்போனது என்று ராபர்ட்சன் மண்டையை உடைத்துக்கொண்டார். பாம்பன் கால்வாயை அகலப்படுத்தியதால் நீரோட்டம் மாறி இளஞ்சிப்பி தரையில் ஒட்ட முடியவில்லை என்பது அவர் சொன்ன ஒரு காரணம். சங்குக் குளிகாரர்கள் பார்களைக் கலைக்கிறார்கள் என்பது இன்னொன்று. அவருக்குப் பின் பார்களை மேற்பார்த்த கேப்டன் பிப்ஸ், சூரம், கிளிக்காய் போன்ற வேறு சிப்பியினங்கள் பாரை மூடி முத்துச் சிப்பியை நெரித்துவிடுகின்றன என்றார். 1860களில் தூத்துக்குடித் துறைக்குள்ளேயே ஒரு வளர்ப்புக் குளம் அமைத்து இளஞ்சிப்பிகளை விட்டும் பார்த்தார். அது பலிக்கவில்லை. இவையெல்லாம் அறிவுள்ள மனிதர்கள் ஓய்வு வேளையில் செய்த ஆராய்ச்சி. அவரவர் முடிவு அவரவரோடு போனது.

இதில் கடல் போடும் கணக்கு ஒன்று உண்டு. 1860, 61, 62 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு சலாபம். அதன் பிறகு 1889 வரை ஒன்றுமில்லை. 27 ஆண்டு. ஓர் அதிகாரிக்கு மூன்று ஆண்டு என்று வைத்துக்கொண்டால், ஒரு சலாபத்தைக்கூடக் கண்ணால் பாராமல் ஒன்பது பேர் அந்த நாற்காலியில் அமர்ந்து எழுந்து போகலாம். பத்தாமவர் காலத்தில் திடீரென்று பார் நிறையும். அப்போது படகுகளுக்குச் சீட்டுக் குலுக்க வேண்டும், கொட்டகை போட வேண்டும், காவல் வேண்டும், நாள்தோறும் ஏலம் விட வேண்டும், கொள்ளைநோய் வராமல் பார்க்க வேண்டும். ஒன்றையும் அவர் செய்து பழகியிருக்க மாட்டார்.

பட்டியலில் இல்லாத நிபுணர்கள்

அப்படியானால் இடைப்பட்ட காலத்தில் அந்த அறிவை யார் காப்பாற்றினார்கள்? பார்மண்டாடிகள். பாருக்கு வழிகாட்டும் மாலுமிகள்.

பார் என்பது கடலுக்கடியில் இருக்கும் கல்தரை. கரையிலிருந்து பல மைல் தள்ளி, எட்டுப் பத்துப் பாக ஆழத்தில் கிடக்கும். மேலே மிதக்கும் அடையாளம் எதுவும் கிடையாது. கிட்டத்துப் பார் என்றால் கரையில் தெரியும் கோபுரத்தையும் பனைக்கூட்டத்தையும் ஒரு கோட்டில் வைத்துப் பிடிக்கலாம். தொல்லாயிரம் பார் மாதிரித் தொலைவில் கிடப்பவற்றுக்கு ஓட்டமும் காற்றும் தெரிய வேண்டும். ஈயக்குண்டை இறக்கி, கீழே இடிப்பது மணலா, சேறா, கல்லா என்று கயிற்றைப் பிடித்திருக்கும் கையாலேயே சொல்ல வேண்டும். அதிகாரி வரைபடத்தை விரிப்பார். படகு எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது மண்டாடி. அதிகாரி மாறிப் போவார், மண்டாடி போகமாட்டார். அப்பனுக்குப் பின் பிள்ளை.

சலாபப் படகுக்குள் பார்த்தால் வேலைப் பிரிவினை இன்னும் துல்லியம். படகையும் ஆட்களையும் கட்டி மேய்ப்பவர் சம்மாட்டி. சுக்கான் பிடிக்கத் தண்டல். தண்ணீர் இறைக்கத் தனி ஆள். ஒரு படகுக்கு ஐந்து கல் என்பது வழக்கம். ஒரு கல்லுக்கு இரண்டு குளிகாரர். ஒருவர் மூழ்கும்போது மற்றவர் மூச்சு வாங்குவார். ஒவ்வொரு குளிகாரருக்கும் கயிறு பிடிக்க மேலே ஓர் ஆள். பதினைந்து இருபது கிலோ கனமுள்ள கல்லில் கால் ஊன்றி இறங்கும் மனிதன் ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின் கீழே இருப்பான். கயிற்றில் அவன் கொடுக்கும் ஒரு சுண்டலுக்கு மேலே உள்ளவன் அந்த நொடியே இழுக்க வேண்டும். அதனால்தான் கயிறு பிடிக்க மச்சானை நிறுத்துவார்கள் என்று இன்றும் கரையில் சொல்வார்கள். தங்கை தாலியை நினைத்தாவது கண் அசர மாட்டான் அல்லவா? எந்த வேலைக்கு எந்த உறவு பொருந்தும் என்று கண்டுபிடித்து வைத்திருந்த சமூகம் இது. எழுத்தில் இல்லாத பணி நியமன விதி.

இன்னொரு பதவியும் இருந்தது: கடற்கட்டி. மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவே இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அன்று விளைச்சலில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்கு. வெள்ளைக்கார அதிகாரிகள் சிரித்துக்கொண்டாலும் கடற்கட்டி இல்லாமல் குளிகாரர்கள் இறங்க மாட்டார்கள் என்பதைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

1889 சலாபத்தை நேரில் பார்க்க வந்த சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், அடுத்த ஆண்டு நடந்ததையும் பதிவு செய்திருக்கிறார். 1890ல் ஒரு குளிகாரரைச் சுறா கடித்தது. கரை முழுவதும் பீதி. மந்திரம் தெரிந்த ஒரு பெண்ணை அமர்த்தியதும் அடங்கியது. ஆனால் கடி நிற்கவில்லை, மேலும் சிலர் கடிபட்டார்கள். நல்ல காற்று, தெளிந்த நீர், போதிய படகு, சிப்பிக்கு நல்ல விலை எல்லாம் கூடிவந்த நேரத்தில் சலாபத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. அரசின் திட்டத்தில் படகுக்கும் காவலுக்கும் ஏலத்துக்கும் இடம் இருந்தது. மூழ்குகிறவனின் மனத்தைரியத்துக்கு இடம் இல்லை. சலாபம் கவிழ்ந்தது அந்த இடத்தில்தான்.

கணக்கு கப்பலேறியது

ஆட்களைத் திட்டமிடுவது கணிதமாக மாறியது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அதுவும் கடற்படையில். ஆயுள் காப்பீட்டுக் கணக்கில் தேர்ந்த ஹிலரி சீல் 1945ல் 'பயோமெட்ரிக்கா' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கீழ்ப்படியிலிருந்து மட்டுமே மேல்படிக்கு ஆள் வரும் அமைப்பில், ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் நிலைத்து நிற்பார்கள் என்பது கேள்வி. பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்தில் வேலை பார்த்த ஸ்டீவன் வய்தா 1947ல் அதே இதழில் அதை மேலும் விரித்தார். புடாபெஸ்ட்டில் பிறந்த அவரும் காப்பீட்டுக் கணக்கர்தான். மனிதர் எப்போது சாவார் என்று கணித்த கை, மாலுமி எப்போது பதவி உயர்வார், எப்போது விலகுவார் என்று கணிக்கத் திரும்பியது.

ராணுவத்துக்கு இந்தக் கணக்கு ஏன் தவிர்க்க முடியாதது? மற்ற நிறுவனங்கள் தேவைப்பட்டால் வெளியிலிருந்து ஒரு மேலாளரைக் கூட்டிவரலாம். கர்னலை வெளியிலிருந்து கூட்டிவர முடியாது. இருபது ஆண்டுக்கு முன் லெப்டினன்டாகச் சேர்ந்தவர்களிலிருந்துதான் எடுக்க வேண்டும். உதாரணத்துக்கு, ஒரு துறையில் பன்னிரண்டு நிபுணர் பதவி, ஒவ்வொருவருக்கும் மூன்றாண்டுப் பணி என்றால், ஆண்டுக்கு நான்கு பேர் தயாராக வர வேண்டும். பயிற்சிக்கு இரண்டாண்டு பிடித்தால் எட்டுப் பேர் எப்போதும் பள்ளியில் இருக்க வேண்டும். இடையில் சிலர் விலகுவார்கள் என்றால் இன்னும் கூட்டிச் சேர்க்க வேண்டும். ஒரு துறைக்கு இதைத் தாளில் போட்டுவிடலாம். ஐம்பது துறை, ஆறு பதவிப் படி, ஆயிரக்கணக்கான பேர் என்றால் கணிப்பொறி வேண்டும். 1960களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் சிவில் ஊழியர்களுக்காக சார்ன்ஸ், கூப்பர், நீஹாஸ் மூவரும் இப்படி ஒரு கணித மாதிரியை உருவாக்கினார்கள்.

அமெரிக்கத் தரைப்படை அடுத்த படிக்குப் போனது. வியட்நாம் போரில் அதிகாரிகளை அடிக்கடி இடம் மாற்றி, எல்லோருக்கும் எல்லா அனுபவமும் என்று ஓட்டியதில் படையின் தரம் கெட்டுவிட்டது என்று 1970ல் அதன் போர்க் கல்லூரி நடத்திய ஆய்வு எச்சரித்தது. அதன் விளைவாக வந்த புதிய முறையில் ஒவ்வொரு அதிகாரிக்கும் முதன்மைத் துறை ஒன்று, மாற்றுத் துறை ஒன்று. ஏறக்குறைய எட்டாம் ஆண்டுப் பணியில் இரண்டாவதை ஒதுக்குவார்கள். அவரது படிப்பு, விருப்பம், அனுபவம் ஒரு பக்கம். ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் தேவை என்பது மறுபக்கம்.

மாஸ்டர் அட்டெண்டன்டின் நாற்காலியை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். முதன்மைத் துறை துறைமுகம், மாற்றுத் துறை முத்து. அமெரிக்கர்களும் அதே இடத்தில் இடறினார்கள். மாற்றுத் துறையில் உழைத்தவரை, பதவி உயர்வுக் குழு முதன்மைத் துறையின் அளவுகோலால் அளந்தது. படைப்பிரிவை நடத்தியவர் ஏறினார், மொழியும் தளவாடமும் கற்றவர் பின்தங்கினார். 1990களின் இறுதியில்தான், நிபுணர்கள் தங்களுக்குள்ளேயே போட்டியிட்டு உயரும்படி தனித்தனிப் பாதைகளைப் பிரித்தார்கள்.

நம் படையில்

இந்திய ராணுவத்தில் டேராடூனிலும் சென்னை பரங்கிமலையிலும் பயிற்சி முடிக்கும் இளம் அதிகாரிகளுக்குக் காலாட்படையா, பீரங்கிப்படையா, பொறியாளர் பிரிவா என்பதை விருப்பம், தரவரிசை, காலியிடம் மூன்றையும் வைத்து முடிவு செய்கிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் பதினைந்து இருபது ஆண்டு கழித்து வருகிறது. கார்கில் போருக்குப் பின், படைப்பிரிவை நடத்தும் கர்னல்களின் வயதைக் குறைக்க வேண்டும் என்று அஜய் விக்ரம் சிங் குழு பரிந்துரைத்தது. அதற்காகப் புதிய கர்னல் பதவிகளை உருவாக்கினார்கள். எந்தப் பிரிவுக்கு எத்தனை? 2009ல் வந்த கொள்கையில் காலாட்படைக்கும் பீரங்கிப்படைக்கும் அதிகம் போனது. சிக்னல்ஸ், ராணுவ வழங்கல் பிரிவான ஏ.எஸ்.சி. போன்ற பிரிவினர் வழக்குப் போட்டார்கள். 2015 மார்ச்சில் ராணுவத் தீர்ப்பாயம் கொள்கையை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கொள்கையை ஏற்றுக்கொண்டது. ஆனால் 141 கூடுதல் இடங்களை உருவாக்கச் சொன்னது. கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், எந்தத் துறை படைக்கு அதிகம் வேண்டும் என்பதை முதலில் மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை எண்ணாக்கித் தருவதுதான் கணிப்பொறியின் வேலை.

நாற்காலிக்கு ஒரே வேலை

தூத்துக்குடிக்குத் திரும்புவோம். முத்துச் சிப்பியையே முழுநேர வேலையாகக் கொண்டு வந்தவர் ஜேம்ஸ் ஹார்னல். 1902ல் பேராசிரியர் ஹெர்ட்மனுடன் இலங்கைப் பார்களை ஆராய வந்தவர். பின்னர் சென்னை மாகாண மீன்துறையில் சேர்ந்து முத்து, சங்கு இரண்டையும் கவனித்து, அதன் இயக்குநராகி, 1924ல் ஓய்வு பெற்றார். வளைகுடாவின் இரு கரையையும் ஒரே மனிதர் இருபது ஆண்டுக்கு மேல் கவனித்தார். நிபுணர் இருந்தால் சிப்பி விளைந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. 1906ல் இலங்கைப் பார்களை ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகையில் இருபது ஆண்டுக்குக் குத்தகை எடுத்த லண்டன் கம்பெனி, ஆறே ஆண்டில் படுத்துவிட்டது. கடல் யாருடைய சொல்லையும் கேட்காது. ஆனால் விளையும்போது தவறவிடாமல் இருக்கவும், விளையாதபோது ஏன் என்று எழுதி வைக்கவும் ஒருவர் வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் சலாபங்கள் நடந்தன. அவைதான் கடைசி. அதன் பிறகு பார்களைப் பார்த்துக்கொள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஆட்கள் இருந்தார்கள். மகாதேவனும் நாகப்பன் நாயரும் காற்றுருளை கட்டிக்கொண்டு தாங்களே பாரில் இறங்கினார்கள். நூற்றாண்டுகளாகக் குளிகாரர் வாய்வழியே மட்டும் மேலே வந்த தகவல், அதைப் பதிவு செய்பவரின் கண்ணுக்கே எட்டியது. 1973 ஜூலையில் அதே நிலையத்தின் கே. அழகர்சாமி, தூத்துக்குடியில் இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்தை எடுத்தார். பிப்ஸ் விட்ட இடத்துக்கு வேலை திரும்பிவர நூறாண்டு ஆயிற்று.

அந்த 1973லேயே இன்னொன்றும் நடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலிருந்த, அந்த நிலையத்தையும் உள்ளடக்கிய இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்கென்று தனி ஆள்தேர்வு வாரியம் அமைந்தது. 1975ல் வேளாண் ஆராய்ச்சிப் பணி தொடங்கியது. ஒவ்வொருவரையும் ஒரு துறைக்கென்றே எடுத்தார்கள். மேலே காலியிடம் இல்லாவிட்டாலும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை வேலையை மதிப்பிட்டு உயர்வு கொடுக்கலாம் என்று விதி செய்தார்கள். நாற்காலி காலியாகக் காத்திருக்க வேண்டாம், உயர்வுக்காகத் துறையை விட்டு ஓடவும் வேண்டாம். ராபர்ட்சன் காலத்து மேலிடத்துக்குத் தோன்றாத யோசனை இது. துறைக்குள்ளேயே உயரும் பாதைக்கு அமெரிக்கத் தரைப்படை வந்துசேர இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் பிடித்தது.

இந்த விதியிலும் ஒரு குறை தங்கிவிட்டது. அது விஞ்ஞானிக்கு மட்டும். பார்மண்டாடிக்கும் குளிகாரருக்கும் எந்தப் பணிப் பட்டியலிலும் பெயர் ஏறவில்லை. 1961க்குப் பிறகு சலாபம் இல்லாததால் முத்துக் குளிகாரர் சங்குக்குப் போனார்கள். தொல்லாயிரம் பாருக்குக் காற்றைப் பார்த்தே வழி சொன்னவரின் பேரனுக்கு இன்று ஜி.பி.எஸ். வழி சொல்கிறது; தாத்தாவுக்குத் தெரிந்தது எந்தக் கோப்பிலும் இல்லை. திட்டம் போடும் இயந்திரம் எவ்வளவு பெரியதானாலும், பட்டியலில் இருக்கும் நாற்காலியைத்தான் அது நிரப்பும். எதையெல்லாம் நாற்காலியாக எண்ணுவது என்று முடிவு செய்யும் மேசையில் மண்டாடியும் உட்கார்ந்திருந்தால், தூத்துக்குடியின் முத்து வரலாற்றில் சில பக்கங்களாவது வேறு மாதிரி இருந்திருக்கும்.

அடுத்த வாரம்: சாதித் தலைவருக்குச் சலாபத்தில் இரண்டு படகுப் பங்கு எப்படி வந்தது, அதை வைத்து எழுந்த சண்டைகள் என்ன?

(தொடரும்)